நொச்சிமேட்டு ஏரியின் பேச்சுப் பக்கம்

வரப்புக்காக வெட்டிக்கொண்டவர்கள் உண்டு. குழாயடிக் குடத்துக்காகத் தலைமுறைப் பேச்சை முறித்துக்கொண்டவர்கள் உண்டு. நான்கு வரிக் கட்டுரையில் ஐந்தாவதாக ஒரு வரி சேர்க்கலாமா கூடாதா என்று மல்லுக்கு நின்றவர்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அவர்கள் தனி ஜாதி. இணையத்தில் தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் நடக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். சம்பளம் கிடையாது, சால்வை கிடையாது. அப்படியும் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது வெறும் 'களஞ்சியம்'.

ஜெஸி அவர்களில் ஒருத்தி. வேலூரில் ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் வேலை, சத்துவாச்சாரியில் வீடு. பகலெல்லாம் நோயாளிகளின் கோப்புகளை ஒழுங்குபடுத்துவாள். சாயங்காலம் வந்து உலகத்தையே ஒழுங்குபடுத்த உட்காருவாள். களஞ்சியத்தில் அவள் நிர்வாகி. பக்கத்தைப் பூட்டலாம், அழிக்கலாம், வம்பு செய்கிறவரைத் தடுத்து வைக்கலாம். "அது செங்கோல் இல்ல, தொடப்பம்" என்பாள். சொல்லும்போது முகத்தில் என்னவோ செங்கோல் களைதான் இருக்கும்.

மற்றவர்கள் புனைபெயருக்குப் பின்னால் ஒளிந்திருக்க, அவள் தன் பயனர் பக்கத்தில் சொந்தப் பெயரையும் படத்தையும் போட்டிருந்தாள். முகம் காட்டாமல் எழுதுவது கோழைத்தனம் என்பது அவள் கட்சி. நிரந்தர வேலை, மாதம் பிறந்தால் சம்பளம், பக்கத்தில் அன்பான புருஷன் என்று இருக்கிறவர்களுக்கு அந்த மாதிரி வீரம் சுலபமாக வரும்.

நொச்சிமேட்டு ஏரி ஆம்பூரைத் தாண்டி, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. அதைப் பற்றிக் களஞ்சியத்தில் நான்கு வரிதான் இருந்தது. பரப்பு எவ்வளவு, எந்த ஊருக்குப் பாசனம், எந்தக் காலத்தில் மதகு கட்டினார்கள் என்று ஒரு ஏரிக்கு வேண்டிய மரியாதை. அதில் ஒருநாள் 'ஏரிக்கரையான்' என்ற புதுக் கணக்கு ஐந்தாவது வரியைச் சேர்த்தது. பக்கத்திலுள்ள தோல் தொழிற்சாலை மழை பெய்யும்போதெல்லாம் சுத்திகரிக்காத கழிவை, மதில் சுவருக்கு அடியில் புதைத்த குழாய் வழியாக ஏரியில் விடுகிறது என்பது அந்த வரி. தொழிற்சாலையின் பெயரும் இருந்தது.

சற்று நேரத்தில் 'தென்றல்நேசன்' என்பவர் வந்து அதை நீக்கினார். ஏரிக்கரையான் திரும்பச் சேர்த்தார். அவர் திரும்ப நீக்கினார். போட்டதும் எடுத்ததுமாக அன்று சாயங்காலம் முழுக்க நடந்தது. ஜெஸி பக்கத்தைப் பூட்டினாள். இருவரையும் கட்டுரையின் பேச்சுப் பக்கத்துக்குக் கூப்பிட்டாள். ஒவ்வொரு கட்டுரைக்குப் பின்னாலும் அப்படி ஒரு பக்கம் உண்டு. களஞ்சியத்தின் பஞ்சாயத்து அங்கேதான் நடக்கும், ஊரே பார்க்கலாம், சொன்ன சொல் எதுவும் அழியாது.

"நான் கண்ணால பாத்தேன். இதுக்கு மேல இன்னா வேணும்?" என்று எழுதினார் ஏரிக்கரையான்.

முதலில் பதில் சொன்னவர் திருப்பத்தூர் ராமலிங்கம். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், களஞ்சியத்தின் விதிகளை வேதம்போல் மனப்பாடம் செய்தவர். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று ஆரம்பித்து, சொந்தமாகப் பார்த்தது சான்று ஆகாது, பத்திரிகையோ அரசு அறிக்கையோ வேண்டும் என்று முடித்தார். விதி அப்படித்தான். ஏரி நாறுகிறது என்று மூக்கு சொன்னால் செல்லாது, பேப்பர்காரன் சொன்னால் செல்லும்.

பிறகு தென்றல்நேசன் எழுதினார். அவர் எழுத்தைப் படித்து ஜெஸிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அத்தனை பதவிசு. 'நல்லெண்ணம் கொள்வோம்' என்பது களஞ்சியத்தின் முதல் பாடம். எதிராளி கெட்டவன் என்று எடுத்த எடுப்பில் நினைக்கக் கூடாது. அதைச் சொல்லித்தான் அவர் தொடங்கினார். ஏரிக்கரையான் அவர்கள் புதியவர், அவரை விரட்டிவிடக் கூடாது, அவர் சொல்வது உண்மையானால் அந்த வரியைத் தானே சேர்ப்பேன் என்றார். கடைசியில், தயக்கத்தோடு கேட்பதுபோல, ஒன்று கேட்டார். "ஏரிக்கரையான் அவர்களுக்கு அந்த நிறுவனத்தோடு தொடர்பு ஏதும் உண்டா? இருந்தால் நலமுரண் விதிப்படி அறிவித்துவிடுவது அவருக்கே நல்லது. நிர்வாகி ஜெஸி அவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்."

நலமுரண் என்றால் வேறொன்றும் இல்லை. எழுதுகிற விஷயத்தில் உனக்கு ஆதாயமோ பகையோ இருந்தால் முன்கூட்டியே சபையில் சொல்லிவிடு என்பது. நியாயமான விதி. கம்பெனிக்காரன் தன் கம்பெனியையே புகழ்ந்து எழுதிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. ஜெஸி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஆம், விதி அதுதான், அறிவிப்பது நல்லது, இங்கே யாருக்கும் பெயர் முக்கியமில்லை, சொல்லும் விஷயம்தான் முக்கியம் என்று எழுதினாள்.

மறுநாள் பதில் வந்திருந்தது. "நான் அந்தக் கம்பெனியில கான்ட்ராக்ட்ல வேலை செய்றேன். ஜெஸி மேடம் சொன்னதால சொல்றேன்."

தென்றல்நேசன் அவருடைய நேர்மையைப் பாராட்டினார். பத்திரிகைச் செய்தி இல்லையென்றால் பரவாயில்லை, சொந்தமாக எடுத்த புகைப்படம் இருந்தால் அதை வைத்துப் பேசலாமே என்றார். ராமலிங்கமும் சரி என்றார். ஏரிக்கரையான் ஒரு படத்தை ஏற்றினார். மதிலுக்கு அந்தப் பக்கம், மழைத்தண்ணீரில் நீலமும் கறுப்புமாக ஏதோ கொட்டிக்கொண்டிருந்தது. படம் சின்னதாக, மங்கலாக இருந்தது. இணையத்தில் எங்கிருந்தோ எடுத்ததாக இருக்கக்கூடும், முழு அளவுப் படம் வேண்டும், யார், எந்த நாள், எங்கிருந்து எடுத்தது என்பதும் வேண்டும் என்றார் தென்றல்நேசன். அதுவும் விதிதான். ஜெஸி ஏரிக்கரையானின் பக்கத்துக்கே போய், எப்படி ஏற்றுவது என்று படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தாள். அவர் அப்படியே செய்தார்.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அவள் புருஷன் டேனியலிடம் பெருமையாகச் சொன்னாள்.

"ரெண்டு பேரும் அடிச்சிக்கினு இருந்தாங்க. இப்ப பாரு, ஒருத்தர் ஆதாரம் தர்றாரு, இன்னொருத்தர் நன்றி சொல்றாரு. ஊர்ப் பஞ்சாயத்துல நடக்குமா இது?"

"எந்த ஏரி?" என்றான் டேனியல். அவன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறான். தோல் எங்கிருந்து வருகிறது, தோல் பதனிடும் எந்த டேனரியில் எவன் எப்படி என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

சொன்னாள். அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் படத்தைக் காட்டச் சொன்னான். போனை வாங்கி விரலால் பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்தான்.

"இது மேலேருந்து எடுத்த படம், ஜெஸி. தோலை ஊறவெச்சி சுத்தற டிரம் இருக்கே, அந்த ஷெட்டு மாடி ஜன்னல். கீழ ஓரத்துல பாரு, ஷெட்டு கூரை ஷீட்டு தெரியுது. அந்த மாடிக்கு எல்லாரும் போக முடியாது. டிரம் ஓட்றவங்கதான் போவாங்க. அதுல கான்ட்ராக்ட் ஆளு எத்தினி பேரு இருப்பான்? நாளு வேற போட்டிருக்கு. அன்னிக்கு ஷிப்டுல யாருன்னு பாத்தா முடிஞ்சது."

ஜெஸி தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். பயம் என்றால் அப்படி ஒரு பயம். தான் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் அந்த மனுஷனைச் சுற்றி ஒரு சுவராக எழும்பியிருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் சுவர் கம்பெனி ஆள் என்பது, அடுத்தது கான்ட்ராக்ட் என்பது, அப்புறம் நாள், அப்புறம் ஜன்னல். ஒன்றைக்கூட தென்றல்நேசன் மிரட்டி வாங்கவில்லை. எல்லாவற்றையும் விதியைக் காட்டிக் கேட்டார், இவள் கையால் வாங்கினார்.

உடனே படத்தையும் அந்த அறிவிப்பையும் யார் கண்ணுக்கும் தெரியாதபடி மறைத்தாள். நிர்வாகிக்கு அந்த அதிகாரம் உண்டு. ஆனால் காரணம் எழுத வேண்டும். என்னவென்று எழுதுவாள்? அவருக்கு ஆபத்து என்று எழுதினால் அவர் சொன்னது உண்மை என்று இவளே முத்திரை குத்தியதாகிவிடும். 'பராமரிப்பு' என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் படுத்தாள்.

விடிந்தால் பேச்சுப் பக்கம் கொதித்துக் கிடந்தது. காரணம் சொல்லாமல் ஒரு நிர்வாகி ஆதாரத்தை மறைக்கலாமா என்று தென்றல்நேசன் வருத்தத்தோடு கேட்டிருந்தார். தனக்கு எதிரான படத்துக்காகத் தானே வாதாடுகிறார், என்ன பெருந்தன்மை என்று எல்லாரும் அவரை மெச்சினார்கள். ராமலிங்கத்துக்குக் கோபம். இத்தனை வருஷத்தில் ஜெஸி அம்மா இப்படிச் செய்து பார்த்ததில்லை, வாக்கெடுப்பு வேண்டும் என்றார். அவள் அவருக்கு போன் போட்டு, படத்தில் இருக்கிற ஜன்னலைப் பற்றிச் சொல்லி, ஒரு ஆள் மாட்டிக்கொள்வார் என்றாள். அவர் நல்லவர்தான், அதில் சந்தேகமில்லை.

"அம்மா, இது உங்க ஊகம். ஊகத்துக்கு விதியில எடம் இல்லையே. இன்னிக்கு நீங்க நல்லதுக்கு மறைப்பீங்க. நாளைக்கு இன்னொருத்தன் கெட்டதுக்கு மறைச்சா நாம இன்னா பேசுறது?"

இதே வாதத்தை அவளும் எத்தனையோ பேரிடம் பேசியவள்தான். வாக்கெடுப்பில் அவள் பக்கம் கை தூக்க ஒருவரும் இல்லை. படம் திரும்பி வந்தது. சந்தைக்குப் போன மாடு திரும்பி வந்தாலும் வரும், ஒரு தடவை ஊர் பார்த்த படத்தைத் திருப்பி வாங்க முடியாது. மறைத்தே வைத்திருந்தாலும், பார்க்க வேண்டியவர்கள் முதல் நாளே பார்த்துவிட்டார்கள்.

டேனியல் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் கேட்ட சேதியோடு வந்தான். அந்த டேனரியில் டிரம் ஓட்டுகிற கான்ட்ராக்ட் ஆட்களில் மூன்று பேரை ஆபீசுக்குக் கூப்பிட்டு விட்டார்களாம். ஒருத்தர் மேலும் கை வைக்கவில்லையாம், அதட்டவில்லையாம். டீ கொடுத்து, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டு அனுப்பினார்களாம்.

"திட்டியிருந்தா கூட பரவால்ல" என்றான் டேனியல். "டீ குடுத்தாங்கன்றதுதான் பேஜாரா இருக்குது."

களஞ்சியத்தில் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாமலே கடிதம் அனுப்ப ஒரு வசதி இருக்கிறது. ஜெஸி அதில் ஏரிக்கரையானுக்கு எழுதினாள். மன்னிப்புக் கேட்டாள். உங்களை அவர்கள் நெருங்கிவிட்டார்கள் என்றாள். சனிக்கிழமை பதில் வந்தது.

"பயப்படாதீங்க மேடம், நான் நல்லாத்தான் இருக்கேன். ஞாயித்துக்கிழமை காலையில வரச் சொல்லியிருக்காங்க. கழிவுத் தொட்டியில எறங்கி சுத்தம் பண்ணணுமாம். இது எங்க வேலை இல்ல, நாங்க டிரம் ஓட்றவங்க. இருந்தாலும் போவணும்."

தோல் தொழிற்சாலைத் தொட்டிகளில் இறங்கியவர்களின் கோப்புகளை ஜெஸி மருத்துவமனையில் தன் கையால் அடுக்கியிருக்கிறாள். முதலில் ஒருவன் இறங்குவான், விஷவாயு தாக்கி விழுவான், அவனைத் தூக்க இன்னொருவன் இறங்குவான். பேப்பரில் இரண்டு வரிச் செய்தியாக வரும். அந்த இரண்டு வரிக்குக் களஞ்சியத்தில் சான்று மதிப்பு உண்டு.

போகாதீர்கள் என்று எழுதினாள். உடனே பதில்.

"போவலன்னா நான்தான்னு தெரிஞ்சிடும் மேடம். என் பொண்ணு நர்சிங் ரெண்டாவது வருஷம். வேலை போனா அவ படிப்பு நின்னுடும்."

உங்கள் பெயரையாவது சொல்லுங்கள், யாரிடமாவது பேசுகிறேன் என்றாள்.

"பேரு வேணாம் மேடம். பேரு முக்கியமில்ல, விஷயம்தான் முக்கியம்னு நீங்கதான சொன்னீங்க."

அதற்கு மேல் அவர் பதில் போடவில்லை. ஜெஸி அரசாங்கப் புகார் எண் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டாள். எடுத்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். யார் இறங்கினது, பேர் என்ன என்றார். நாளைக்கு இறக்கப் போகிறார்கள் என்றாள். "இன்னும் யாரும் எறங்கலையேம்மா" என்று அவர் வைத்துவிட்டார்.

"நாளைக்கு நாம அங்க போறோம்" என்றாள் டேனியலிடம்.

"நீ போய் நின்னா இன்னா ஆவப்போவுது? ஆழம் தெரியாம காலை விடாத."

"ஒருத்தரையும் கை காட்டப் போறதில்ல. யாருன்னே எனக்குத் தெரியாது. வெளியாள் ஒருத்தி கேட்டாண்ட நின்னு பாத்துக்கினு இருந்தா தொட்டியில எறக்க மாட்டாங்க இல்ல? அது போதும்."

டேனியல் முனகினான். ஆனாலும் கோயிலுக்குப் போக உடுத்தின வெள்ளைச் சட்டையோடு வண்டியை எடுத்தான். ஜெஸி வழியெல்லாம் ஜெபித்துக்கொண்டு வந்தாள். ஆம்பூரைத் தாண்டியதும் சுண்ணாம்பும் பச்சைத்தோலும் கலந்த வாடை அடித்தது. இடதுபக்கம் ஏரி வந்தது. நான்கு வரியாக அவளுக்குத் தெரிந்திருந்த ஏரியை அவள் அன்றுதான் பார்த்தாள். கரையோரத் தண்ணீர் அசையாமல் பாளம் பாளமாகக் கிடந்தது.

கம்பெனி கேட் பாதி திறந்திருந்தது, இருவரும் இரண்டடி உள்ளே போய் நின்றார்கள். உள்ளே காவலாளி அறைக்குப் பக்கத்தில், ஒரு சிமெண்டு மேடையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வயசானவர், ஒருவர் நடுவயது, ஒருவன் இளந்தாரி. மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்களில் யார் என்று ஜெஸியின் கண் தானாகத் தேடியது, உடனே அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். பார்க்கக் கூடாது. பார்ப்பதுகூடக் காட்டிக்கொடுப்பது.

ஆபீஸ் படியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். நாற்பது வயது இருக்கும். நன்றாகத் தேய்த்த சட்டை, நெற்றியில் படிய வாரிய தலை, சட்டைப்பையில் பேனா. ஆட்களைக் கவனிக்கும் அதிகாரி என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"வாங்க ஜெஸி மேடம்" என்றார். "நான் ஜெயகரன். உங்க பயனர் பக்கத்துல இருக்கற படம் பழசு போல. நேர்ல இன்னும் சின்னவங்களா இருக்கீங்க."

இந்தக் குரலை அவள் கேட்டதில்லை, ஆனால் இந்தப் பதவிசைப் படித்திருக்கிறாள்.

"நல்லெண்ணம் கொள்வோம்னு தினம் சொல்லிக்கிறோம்" என்று சிரித்தார் ஜெயகரன். "இப்பத்தான் நேர்ல பாக்குற பாக்கியம். சொல்லுங்க மேடம், இன்னா விஷயமா வந்தீங்க?"

டேனியல் அவள் முழங்கையைத் தொட்டான். போய்விடலாம் என்று அர்த்தம். ஜெஸிக்கோ கோபம் தலைக்கு ஏறியிருந்தது. அவள் நாணயத்தையே சாவியாக்கித் திறந்தவன் எதிரில் நின்று சிரிக்கிறான். அவள் ஒரு பெயரும் சொல்லப் போவதில்லை, ஒரு ஆளையும் பார்க்கப் போவதில்லை, சட்டத்தை மட்டும்தான் பேசப் போகிறாள்.

"கழிவுத் தொட்டியில ஆளை எறக்கறது சட்டப்படி குத்தம் சார். அது நடக்காதுன்னு தெரியற வரைக்கும் நான் இங்கயேதான் நிப்பேன்."

ஜெயகரனின் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் ஏதோ வேலை முடிந்த நிம்மதி வந்தது.

"யாரையும் எந்தத் தொட்டியிலயும் எறக்கல மேடம். தொட்டி போன மாசம்தான் மிஷின் வெச்சி சுத்தம் பண்ணது" என்றார். "அந்தப் பெரியவர்கிட்ட கூரை ஷீட்டு மாத்தணும்னு சொன்னேன். சின்னப் பையன்கிட்ட குடோன் காலி பண்ணணும்னு சொன்னேன். தனித்தனியா கூப்பிட்டு, யார்கிட்டயும் பேசாதீங்கன்னு சொல்லித்தான் அனுப்பினேன். தொட்டின்னு ஒருத்தர்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

மேடையில் இருந்த மூவரும் தலை நிமிர்ந்திருந்தார்கள். ஜெயகரன் அவர்கள் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புகிற வாத்தியார்போல இதமாகச் சொன்னார்.

"நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க. இன்னிக்கு வேலை இல்ல. தேவசகாயம், நீ மட்டும் இரு."

பெரியவரும் இளந்தாரியும் எழுந்து, திரும்பிப் பாராமல் கேட்டைத் தாண்டிப் போனார்கள். நடுவயதுக்காரர் மேடையிலேயே உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனுஷன், சாயம் ஏறிய விரல்கள், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. அவர் ஜெயகரனைப் பார்க்கவில்லை. ஜெஸியைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"உள்ள வாங்க, டீ சாப்பிட்டுட்டுப் போலாம்" என்றார் ஜெயகரன். பின்னால் காவலாளி கேட்டை இழுக்கத் தொடங்கியிருந்தான்.

தேவசகாயம் எழுந்து நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"மேடம்" என்றார், "நான் உங்ககிட்ட மட்டும்தான சொன்னேன்."